ஒட்டகத்தில் மிஞ்சிய எலும்பு

போன மாதம் நாமக்கல் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு எக்ஸ்ரே மெஷின் வந்தது. அங்கே வேலை பார்க்கும் இளம் டாக்டர்கள் பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு நாய்க்குட்டியின் காலைப் படம் பிடித்துக் காட்டினார்கள். குட்டியைக் கொண்டுவந்த அம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு காலுக்குள்ள இத்தன இருக்குதுங்களா" என்றார்.

பிறகு ஒரு பெண் டாக்டர் என்னிடம் கேட்டார். "சார், உங்க காலத்துல எலும்பை எப்படிப் பார்த்தீங்க?"

"செத்த பிறகு பார்த்தோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. உயிரோடிருக்கும் மாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை விரல் நுனியால்தான் தெரிந்துகொண்டோம். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அது சாகும்வரை காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு மிருகம் செத்து, அதன் எலும்புகளை முழுசாகப் பார்த்து, கோத்து, நிறுத்தி, அதனால் மானம் போகப் பார்த்த கதை ஒன்று உண்டு. அதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

நான் சென்னையில் படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குதிரையின் எலும்புகளைப் பேர் பேராக மனப்பாடம் செய்தோம். மாடு, ஆடு, நாய், பன்றி எல்லாம் குதிரையிலிருந்து எப்படி மாறுகின்றன என்று படித்தோம். ஒட்டகம் பாடத்திலேயே இல்லை. தேர்ச்சி பெற்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நாமக்கல்லுக்கு வந்து சேர்ந்தபோது, எனக்குத் தெரியாத மிருகம் எதுவும் எங்கள் சேலம் ஜில்லாவில் இருக்காது என்ற தைரியத்தோடு வந்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் ஞானாபரணம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். அவருடைய பழக்கம் ஒன்று ஊரெல்லாம் பிரசித்தம். மிருகங்களிடம் மரியாதையாகப் பேசுவார், மனிதர்களிடம் அவ்வளவு பேசமாட்டார். உதைக்கிற எருமையிடம் போய், "கொஞ்சம் திரும்பி நில்லுங்க, இதோ முடிஞ்சுரும்" என்பார். எருமைக்குச் சொந்தக்காரரிடம், "வாலைப் பிடி" என்பார். இன்னொரு பழக்கம், தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்லமாட்டார். கறவை மாடு பிழைக்குமா என்று கண்ணீரோடு கேட்டாலும், தெரியாவிட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

எலும்பு விஷயத்தில் அவர் எனக்குக் கற்பித்தது ஒன்றே ஒன்று. நொண்டுகிற காலைத் தொடாதே, முதலில் நல்ல காலைத் தொடு. நல்லது எப்படி இருக்கிறதென்று கைக்குத் தெரிந்தால்தான் கெட்டது எது என்று தெரியும். நான் சேர்ந்த வாரத்திலேயே புதுச்சத்திரத்திலிருந்து ஒரு விவசாயி, சந்தையில் வாங்கிய காளையைக் கொண்டுவந்தார். நடையில் ஏதோ கோணல், என்னவென்று தெரியவில்லை என்றார். டாக்டர் காளையின் பின்னால் போய் நின்று இரண்டு இடுப்பு முனைகளிலும் இரண்டு உள்ளங்கைகளை வைத்தார். வலது கை இடது கையைவிட நாலு விரற்கடை கீழே இருந்தது. எப்போதோ இடுப்பெலும்பின் முனை உடைந்து, அப்படியே கூடிவிட்டது. விற்றவன் காளையைச் சுவரோரமாக, இடது பக்கம் மட்டும் தெரியும்படி நிறுத்தியிருக்கிறான்.

"ஏனுங்க, இந்தப் பக்கமிருந்து பார்த்தா நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் விவசாயி, மனசு கேட்காமல்.

"அப்போ இந்தப் பக்கமிருந்தே பார்த்துக்க" என்றார் டாக்டர். "உழவுக்குக் குறையொண்ணும் இல்ல."

அந்தக் காளை வெகுகாலம் உழுதது. இடது பக்கம் தெரியும்படியாகத்தான் அதை ஏரில் பூட்டுவார்கள் என்று கேள்வி.

எங்கள் ஆஸ்பத்திரி அப்போது கடலைக்காய் மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிடங்கில் நடந்துகொண்டிருந்தது. தரை வழுக்கும். ஒரு காலில் அடிபட்டு வந்த மாடு, போகும்போது இரண்டு காலில் அடிபட்டுப் போகும். பக்கத்து மிட்டாதார், குட்டி ஜமீன்தார் மாதிரி, ஊர் ஓரத்தில் தமக்கிருந்த மேட்டு நிலத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். சொல்லி வெகுநாளாகியும் எழுதித் தரவில்லை. கேட்கிறபோதெல்லாம் "தராமப் போயிருவனுங்களா" என்பார்.

மிட்டாதாரிடம் ஒரு ஒட்டகம் இருந்தது. கடன்பட்டுக் கலைந்துபோன ஏதோ ஒரு சர்க்கஸில் வாங்கியது. மாணிக்கம் என்று பேர். கோயில் திருவிழாவில் முரசைச் சுமந்துகொண்டு சுவாமிக்கு முன்னால் போவது அதன் வேலை. மற்ற நாளெல்லாம் வேப்பந்தழை தின்பதும், மிட்டாதார் காலையில் வெளியே வரும்போது அவர் தலைப்பாகையை முகர்ந்து பார்ப்பதும்தான். மிட்டாதார் கனத்த சரீரம், கனத்த குரல். அவருக்கு ஊரே பயப்படும். அவர் அந்த ஒட்டகத்திடம் மட்டும் தணிந்த குரலில் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன்.

மாணிக்கம் வயதாகித்தான் செத்தது. கடைசியில் மூன்று நாள் தீனி எடுக்காமல் படுத்திருந்தது. டாக்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "வலிக்குதுங்களா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். செத்த அன்று மிட்டாதார் அழவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"டாக்டரய்யா, மெட்ராசுல ஒரு பங்களாவுல, செத்துப்போன மிருகத்தோட எலும்பையெல்லாம் கோத்து நிக்க வெச்சிருக்கறாங்க. நான் பார்த்திருக்கறனுங்க. மாணிக்கத்தப் புதைக்க எனக்கு மனசு வரல. அது நின்னுக்கிட்டே இருக்கோணும். நீங்க செஞ்சு குடுங்க. நெலத்த மறுநாளே எழுதித் தாரேன்."

டாக்டர் ஒட்டகத்தைப் பார்த்தார், கிடங்கின் வழுக்குத் தரையை நினைத்திருப்பார், "சரி" என்றார்.

எலும்பை நிறுத்துவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோலை உரித்து, கத்தியால் எடுக்கக்கூடிய சதையை எல்லாம் எடுத்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் மிச்சத்தோடு எலும்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட வேண்டும். சதையும் சவ்வும் அழுகிக் கழன்றுவிடும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதுவது சுலபம். மிட்டாதாரின் தோப்பில் தொட்டிகளை வைத்தோம். இரண்டாம் வாரம் காற்று கிழக்கே திரும்பியதும், அந்தப் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டுவிட்டுத் தம் மாமனார் ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்தது, சலவைச் சோடா போட்டு மெல்லிய தீயில் எலும்புகளை வேக வைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும். ஒட்டகத்தின் தொடையெலும்பு கொள்ளும் பாத்திரம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. மிட்டாதாரின் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் கொப்பரை. கொண்டுவரச் சொல்லி அவரே ஆளனுப்பினார். அவர் மனைவி, ஊரார் பெரியம்மணி என்று கூப்பிடும் அம்மாள், கொப்பரை வண்டியில் ஏறும்போதே, "இது இனி ஆலைக்குத் திரும்பாதுங்க" என்று சொல்லிவிட்டார். அப்படியே ஆயிற்று. கடைசிவரை அது எங்கள் ஆஸ்பத்திரியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியது.

வெந்த எலும்புகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப் போட்டோம். அப்போது ஒரு தெருநாய் வால் எலும்பு ஒன்றைக் கவ்விக்கொண்டு நடந்தது. டாக்டர் கல்லை எடுக்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைக்காட்டு வரப்பில் நாயின் பின்னாலேயே போனார். "கொஞ்சம் நில்லுங்க. அது உங்களுக்கு ஒண்ணுக்கும் ஆகாது. வேக வச்சாச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டு போனது தோப்புவரை கேட்டது. நாய் எலும்பை ஒருமுறை நன்றாகக் கடித்துப் பார்த்துவிட்டு, அவர் சொன்னது சரிதான் என்று கண்டு, போட்டுவிட்டுப் போய்விட்டது.

பிறகு கோக்கும் வேலை. கொல்லர் பட்டறையில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டகத்தின் முதுகு வளைவுக்கு வளைத்து வாங்கி, முதுகெலும்புகளை மாலைபோல அதில் கோத்தோம். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் உயிரோடிருக்கும்போது ஒரு மெத்தை உண்டு. அது அழுகிப் போய்விடும். அப்படியே கோத்தால் ஒட்டகம் ஒரு முழம் குறைந்துபோகும். அதற்காகக் கம்பளியை வட்டம் வட்டமாக வெட்டி இடையிடையே வைத்தோம். கழுத்து எலும்பு வெறும் ஏழுதான். மனிதனுக்கும் ஏழு, எலிக்கும் ஏழு. அந்த நீளக் கழுத்துக்கு ஏழு போதும் என்பதைக் கையால் கோத்தபோதுதான் நான் நம்பினேன். விலா எலும்புகளைப் பித்தளைக் கம்பியால் கட்டினோம். பாதத்தின் சிறு எலும்புகளை டாக்டர் மட்டுமே தொடுவார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் உருட்டி, எது எதோடு பொருந்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

ஒருவழியாக மாணிக்கம் எழுந்து நின்றது. வெள்ளையாக, ஒல்லியாக, முன்னைவிட உயரமாகத் தெரிந்தது. நான் தரையில் விரித்திருந்த சாக்கை மடிக்கக் குனிந்தேன். அதன்மேல் ஓர் எலும்பு கிடந்தது.

கட்டைவிரல் நீளம். தட்டையாக, லேசாக வளைந்து, ஓரமெல்லாம் கரடுமுரடாக இருந்தது. மூட்டுக்கான வழவழப்பு எந்தப் பக்கமும் இல்லை. விலா எலும்புகள் ஊறிய தொட்டியின் அடியில் மற்றவற்றோடு கிடைத்தது.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். ஒட்டகத்தைச் சுற்றி வந்தார். "இடப்பக்க முன்காலைக் கழட்டு" என்றார். கழற்றினோம். எல்லாம் சரியாக இருந்தது. வலப்பக்கம் கழற்றினோம். அதுவும் சரி. மார்பெலும்பைப் பிரித்தோம். இதற்கென்று ஒரு காலி இடம் எங்கேயும் இல்லை. மாட்டின் இதயத்தில் ஒரு சிறு எலும்பு உண்டு. ஒட்டகத்துக்கும் அப்படி இருக்குமோ என்று நான் கேட்டேன். இதயத்தைத்தான் முதல் நாளே வெளியே எடுத்துவிட்டோமே என்றார். இப்படியே நாட்கள் போயின. மாணிக்கம் நிற்பதும், பாதி பிரிவதும், மறுபடி நிற்பதுமாக இருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், பாதத்துல எங்கியாவது ஒரு ஓரமா வெச்சுக் கட்டிரலாங்க சார். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் என்னைப் பார்த்தார். "ஒட்டகத்துக்குத் தெரியும்டே" என்றார்.

மிட்டாதார் வந்து பார்க்கும் நாள் வந்தது. ஒட்டகத்தின் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தோம். அவரும் பெரியம்மணியும் வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். கூடவே ஊரில் பாதி. நான் வேட்டியை இழுத்தேன்.

மிட்டாதார் முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. கழுத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், பல்லைப் பார்த்துச் சிரித்தார். பார்வை முதுகுக்குப் போனதும் சிரிப்பு நின்றது.

"திமிலு எங்கீங்க?"

"திமிலில் எலும்பு கிடையாது. அது வெறும் கொழுப்பு" என்றார் டாக்டர்.

"அத்தாச்சோடு பெரிய திமிலு. முரசு கட்டற சேணம் நழுவாம நின்னுச்சு. எலும்பில்லாம எப்படிங்க நிக்கும்?"

"கொழுப்பும் நாரும். எலும்பு இல்லை."

கூட்டத்தில் ஒருவர், ஒட்டகத்தின் திமில் எலும்பை அரைத்துப் போட்டால் மூட்டுவலி போகும் என்று எங்கோ கேள்விப்பட்டதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மிட்டாதாரின் கழுத்து சிவந்தது.

"டாக்டரய்யா. நான் உங்களச் சந்தேகப்படலீங்க. எல்லா எலும்பும் இதுல இருக்குதுங்களா? ஒண்ணுகோட மிச்சமில்லியே?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவர் சட்டைப் பையில் கைவிட்டு அந்த எலும்பை எடுத்து நீட்டினார். "ஒண்ணு மிஞ்சிருச்சு. எந்த இடத்துதுன்னு எனக்குத் தெரியல."

மிட்டாதார் அதை வாங்கி எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். "இதா இருக்குதுங்களே. இதுதான் திமிலு எலும்பு. மிச்சமெல்லாம் எங்க?"

அந்த நிமிஷத்தில் எனக்கு நிலம் போயிற்று, வேலை போயிற்று, ஊரில் தலை காட்டுவதும் போயிற்று என்று தோன்றியது. டாக்டர் அசையாமல் நின்றார். "அது திமில் எலும்பு இல்லை. அதுமட்டும் தெரியும். எந்த எலும்புன்னு தெரியாது."

"தெரியாதுன்னா, திமிலு எலும்பில்லைங்கறது மட்டும் எப்படித் தெரியும்?"

அதற்குள் பெரியம்மணி முன்னால் வந்தார். அவர் அதுவரை ஒட்டகத்தின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மழையில்லாத அந்த வருசம் மாணிக்கம் தீனியெடுக்காம நோவுல கெடந்துச்சே, நெனப்பு இருக்குதுங்களா?"

"இருக்குது. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப திமிலு சுருங்கி, வெறுஞ்சாக்கு மாதிரி ஒரு பக்கமாத் தொங்குச்சுங்க. நீங்கதான் கையில தூக்கித் தூக்கி நிறுத்திப் பார்த்தீங்க. எலும்பிருந்தா அப்பிடித் தொங்குமுங்களா?"

மிட்டாதார் யோசித்தார். ஆனால் ஊருக்கு முன்னால் சட்டென்று இறங்கிவர முடியவில்லை. "அது சரி. ஆனா நல்லாயிருந்தப்ப நட்டமா நின்னுச்சல்ல? அத்தன பெருசு, உள்ள ஒரு எலும்பில்லாம எப்படி நிக்கும்?"

பெரியம்மணி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் பார்வை மிட்டாதாரின் இடுப்புத் துண்டுக்கு மேலே நின்றது.

"உங்க வயித்துக்குள்ளார எந்த எலும்பு நின்னு தாங்குதுங்க?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம். மிட்டாதார் தம் வயிற்றின்மேல் கையை வைத்தார். மெதுவாக அமுக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் அமுக்கினார். டாக்டர் மாட்டைத் தொட்டுப் பார்ப்பது போலவே, ரொம்பக் கவனமாகப் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அவர் சிரிக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

"இல்லீங்க" என்றார் டாக்டரிடம். "எலும்பில்லீங்க."

ஆனாலும் திமில் இல்லாவிட்டால் ஊரார் குதிரை என்று சொல்லிவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு விசனம். மரத்தில் ஒன்று செய்து வைக்கலாமா என்றார். டாக்டர் முடியாது என்றார். பெரியம்மணியே அதற்கும் வழி சொன்னார். முரசு கட்டும் சேணத்தைக் கொண்டுவந்து முதுகில் வைத்தார்கள். திமில் நுழைவதற்காக அதன் நடுவில் பெரிய வட்டமாக ஓட்டை உண்டு. அந்த ஓட்டையைப் பார்த்தவர்களுக்கெல்லாம் திமில் தெரிந்தது. மிஞ்சிய எலும்பை ஒரு சின்னப் பலகையில் வைத்து, 'இடம் தெரியவில்லை' என்று டாக்டர் தம் கையாலேயே எழுதி ஒட்டகத்தின் காலடியில் வைத்தார். மிட்டாதார் அந்த வாரமே நிலத்தை எழுதித் தந்தார். "தெரியாதத தெரியாதுன்னு சொல்ற டாக்டர நான் பார்த்ததில்லீங்க" என்று பதிவு ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னாராம். புது ஆஸ்பத்திரியில் சொரசொரப்பான தரை போட்டோம்.

சில வருஷம் கழிந்தது. டாக்டர் சேலத்துக்கு மாற்றலாகிப் போனார். நாமக்கல் என் பொறுப்பில் வந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், பள்ளிபாளையத்தில் காவிரிக்கரையில் ஓர் ஒட்டகம் செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தது. வடக்கேயிருந்து நாட்டு மருந்து விற்றுக்கொண்டு வந்தவர்களுடையது. தொற்றுநோயா என்று பார்த்துச் சொல்லும்படி என்னை அனுப்பினார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தேன். நோய் இல்லை. மார்பையும் பார்க்கலாமென்று, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே தடுப்பாக இருக்கும் சவ்வை அறுத்தேன். மெத்தென்று போய்க்கொண்டிருந்த கத்தி ஓரிடத்தில் கறக் என்று நின்றது.

விரலை விட்டுத் தடவினேன். சவ்வுக்கு நடுவில், பெரிய ரத்தக்குழாய் நுழையும் துவாரத்தின் பக்கத்தில், எதோடும் ஒட்டாமல் ஓர் எலும்பு தனியாக இருந்தது. கட்டைவிரல் நீளம். ஓரமெல்லாம் கரடுமுரடு.

நான் ஆற்றங்கரையில் ரத்தக்கையோடு உட்கார்ந்துவிட்டேன். ஒட்டகக்காரர்கள் தங்கள் ஒட்டகத்துக்காக நான் துக்கப்படுகிறேன் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சேலத்துக்குச் சொல்லியனுப்பியதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மூக்குக் கண்ணாடி புதிதாக வந்திருந்தது. கையில் ஒரு சுருள் பித்தளைக் கம்பி. நான் எடுத்துவைத்திருந்த எலும்பைக் காட்டினேன். உள்ளங்கையில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார். "சவ்வுக்குள்ளயா" என்றார். அவ்வளவுதான்.

இருவரும் மிட்டாதார் வீட்டுக்குப் போனோம். அவர் தளர்ந்திருந்தார். வயிறு வற்றியிருந்தது. மாணிக்கம் நின்ற கூடத்துக்குத் தடியூன்றிக்கொண்டு எங்களோடு வந்தார். டாக்டர் விலா எலும்புகளுக்குள் கையை நுழைத்து, குறுக்கே கம்பி கட்டி, காலடிப் பலகையில் இருந்த மாணிக்கத்தின் எலும்பை எடுத்து அதன் நடுவில் தொங்கவிட்டார். நான் வெளிச்சம் பிடித்தேன்.

"அது அங்க என்னுங்க செய்யுது?" என்று கேட்டார் மிட்டாதார்.

"மூச்சு விடும்போது ஏறி இறங்குற சவ்வு ஒண்ணு இருக்குங்கய்யா. அதுக்கு நடுவுல இருக்கிற எலும்பு இது."

மிட்டாதார் மாணிக்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவர் குரல் தணிந்துவிட்டது.

"அப்ப இத்தன வருசமா மூச்சு உடாமயா நின்னுக்கிட்டு இருந்துச்சு?"

டாக்டர் என்ன சொல்வாரோ என்று நான் பார்த்தேன். அவர் கம்பியின் முனையை மடக்கிவிட்டு, கையை விலாவிலிருந்து வெளியே எடுத்து, துண்டில் துடைத்தார்.

"ஆமாங்கய்யா" என்றார். "இப்ப விடுது."

மிட்டாதார் ஒட்டகத்தின் விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.